தெர்மாமீட்டர் நகராத நேரம்

நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கும் உங்களிடம் ஒரே ஒரு பாடத்தைப் பற்றிப் பேச வேண்டும். திடம், திரவம், வாயு. கரும்பலகையில் மூன்று கட்டம் போடுகிறோம். முதல் கட்டத்தில் உருண்டைகளை நெருக்கமாகவும், அடுத்ததில் கொஞ்சம் தள்ளியும், மூன்றாவதில் சிதறியும் வரைகிறோம். கட்டங்களுக்கு நடுவே அம்புக்குறி போட்டு உருகுதல், ஆவியாதல், குளிர்தல், உறைதல் என்று எழுதியதும் பாடம் முடிந்துவிடுகிறது. தேர்விலும் அதே படம்தான் வருகிறது, பிள்ளைகளும் பிசகாமல் வரைந்துவிடுகிறார்கள்.

என் ஆதங்கம் அந்த அம்புக்குறிகளைப் பற்றியது. கட்டங்களுக்கு நாம் கொடுக்கும் நேரத்தில் கால்வாசிகூட அம்புக்குறிகளுக்குக் கொடுப்பதில்லை. ஆனால் இந்தப் பாடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பனிக்கட்டி உருகும்போதும் தண்ணீர் கொதிக்கும்போதும் வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, வெப்பநிலை மட்டும் ஏறுவதில்லை. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர் சூட்டி மேல் வகுப்புக்குத் தள்ளிவிட்டோம். அங்கே அது ஒரு வரையறையாகவும் ஒரு கணக்காகவும் வந்து போகிறது. அம்புக்குறி போடும் அன்றைக்கே அதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

இதைச் செய்து காட்ட ஆய்வகம் தேவையில்லை. ஓர் ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆசிரியர் மீன் மார்க்கெட்டில் ஐஸ் வாங்கிவந்து, சாக்கில் சுற்றி உடைத்து, ஓர் எவர்சில்வர் டம்ளர் நிறையப் போட்டார். கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். ஆய்வக தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே விட்டு, அடியில் ஒரு சின்ன ஸ்பிரிட் விளக்கை வைத்தார். ஒரு மாணவி குச்சியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பையன் அளவைப் படித்துச் சொல்ல, இன்னொருவன் பலகையில் எழுதினான். பூஜ்ஜியம். பூஜ்ஜியம். மறுபடியும் பூஜ்ஜியம். நாலைந்து தடவை ஆனதும் வகுப்பில் சலசலப்பு. "சார், தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

ஆசிரியர் பதில் சொல்லவில்லை, திருப்பிக் கேட்டார். "விளக்கு எரியுதா?" எரிகிறது. "டம்ளருக்குச் சூடு போகுதா?" போகிறது. "அப்ப அந்தச் சூடெல்லாம் எங்கே?" யாருக்கும் தெரியவில்லை. ஆசிரியரும் அவசரப்படவில்லை. கடைசித் துண்டு ஐஸும் உருகிக் காணாமல் போன பிறகு பலகையில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 3 வந்தது, பிறகு 8, பிறகு 14. பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். உள்ளுறை வெப்பம் என்ற பெயரை அவர் அதற்குப் பிறகுதான் சொன்னார். அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கேள்வி வந்த பிறகு வரும் பெயர் பிள்ளைகளுக்கு மறப்பதில்லை.

அந்தப் பெண் கேட்ட கேள்வி சாதாரணமானதில்லை. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவின் அறிஞர்களே இந்த இடத்தைக் கவனிக்காமல் தாண்டிப்போனார்கள். பனிக்கட்டியை உருகுநிலைக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும், மேலும் துளி வெப்பம் கொடுத்தாலே முழுக்கத் தண்ணீராகிவிடும் என்று நம்பினார்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்த ஜோசப் பிளாக் அதை நம்பவில்லை. அவருடைய வாதம் எளிமையானது. அது உண்மையானால், குளிர்காலம் முடிந்து வெயில் வந்த முதல் நாளே மலைமேல் கிடக்கும் பனி முழுவதும் ஒரே மூச்சில் உருகி, கீழே இருக்கும் ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்கும். அப்படி நடப்பதில்லை. மலைப்பனி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெதுவாக உருகுகிறது. நம் கங்கையில் ஏப்ரல், மே மாதங்களிலும் இமயப் பனியின் தண்ணீர் வருவது இதனால்தான்.

1761-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிளாக் இதை அளந்து பார்த்தார். ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் பனிக்கட்டி, மற்றதில் அதே எடையுள்ள, உறையும் நிலையை ஒட்டிக் குளிர்ந்த தண்ணீர். இரண்டையும் ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். தண்ணீர் இருந்த குடுவை அரை மணி நேரத்தில் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது ஏறத்தாழ நாலரை டிகிரி செல்சியஸுக்கு ஏறியது. பனிக்கட்டி உருகித் தண்ணீராகி அதே அளவுக்கு வரப் பத்தரை மணி நேரம் பிடித்தது. இருபத்தோரு மடங்கு நேரம். இரண்டு குடுவைகளுக்கும் ஒரே கூடத்துக் காற்றுதான் வெப்பம் கொடுத்தது. இதிலிருந்து அவர் போட்ட கணக்கு: பனிக்கட்டியை வெறுமனே உருக்குவதற்கு ஆகும் வெப்பம், அதே தண்ணீரைச் சுமார் 78 டிகிரி செல்சியஸ் சூடாக்கப் போதும். இன்றைக்கு நாம் சொல்லும் எண் 80. இரண்டு குடுவைகள், ஒரு தெர்மாமீட்டர், ஒரு கடிகாரம், இவற்றை வைத்துக்கொண்டு அவர் இவ்வளவு நெருங்கியிருக்கிறார் என்பதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட், கொஞ்சம் நீராவி இவ்வளவு தண்ணீரைச் சூடாக்கிவிடுகிறதே என்று திகைத்துப்போய் விளக்கம் கேட்டது பிளாக்கிடம்தான்.

இந்த 80 டிகிரிக்குச் சென்னையிலேயே ஒரு சாட்சி நிற்கிறது. திருவல்லிக்கேணி கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் 1842-இல் ஐஸ் சேமிக்கக் கட்டப்பட்டது. அந்தப் பகுதிக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்னும் போகவில்லை. ஐஸ் வந்தது அமெரிக்காவிலிருந்து. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனியை அறுத்தெடுத்து, ஃபிரடெரிக் டூடர் என்ற பாஸ்டன் வணிகர் கப்பலில் ஏற்றி அனுப்பினார். இந்தியாவுக்கு வந்த முதல் சரக்கு 1833-இல் டஸ்கனி என்ற கப்பலில் வந்தது. மே மாதம் 180 டன் ஐஸுடன் பாஸ்டனிலிருந்து கிளம்பி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்டி, செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது அதில் சுமார் 100 டன் மிச்சமிருந்தது. குளிர்சாதனப் பெட்டி கிடையாது, கப்பலில் ஓர் எந்திரமும் கிடையாது. சுற்றிலும் வெப்பத்தை எளிதில் கடத்தாத தூள், அவ்வளவுதான்.

அந்தத் தூள் வெப்பத்தை மெதுவாக உள்ளே விடுகிறது. உள்ளே நுழைந்த வெப்பத்துக்கு ஐஸ் மிகப் பெரிய விலை கேட்கிறது. ஒரு கிலோ உருக 334 கிலோஜூல். அதைக் கொடுத்து முடிக்கும்வரை கட்டி பூஜ்ஜியத்திலேயே நிற்கிறது. வகுப்பறை டம்ளரில் பிள்ளைகள் எழுதிய பூஜ்ஜியங்கள் அந்தக் கப்பலில் நாலு மாதம் நீடித்தன. பக்கத்து மாவட்டப் பிள்ளைகள் சென்னைக்குச் சுற்றுலா வரும்போது அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்று இந்தக் கணக்கைச் சொல்ல ஓர் ஆசிரியர் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இனி அடுத்த அம்புக்குறி, தண்ணீரிலிருந்து ஆவிக்கு. இங்கே விலை இன்னும் கூடுதல். கொதிக்கும் ஒரு கிலோ தண்ணீரை முழுக்க ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும். பூஜ்ஜியத்திலிருந்து நூறு டிகிரி வரை சூடாக்க ஆவதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். கொடுத்த விலை எங்கும் தொலைந்துபோவதில்லை. ஆவி மறுபடி தண்ணீராகும்போது அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இட்லி வேகுவது அந்தத் திருப்பிக் கொடுத்தலில்தான். குளிர்ந்த மாவின்மேல் படும் ஆவி தண்ணீராக மாறி, தான் சுமந்துவந்ததை அங்கே இறக்கிவைக்கிறது. குண்டானைத் திறக்கும்போது கையில் ஆவி அடித்தால் வெந்நீர் பட்டதைவிடக் கடுமையாகப் புண்ணாவதும் இதே கணக்கில்தான். நூறு டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீர் உடல் வெப்பநிலைக்கு இறங்கும்போது தோலுக்குக் கொடுப்பது சுமார் 260 ஜூல். ஒரு கிராம் ஆவி கொடுப்பது 2,500 ஜூலுக்கும் மேல்.

இட்லிக் குண்டானுக்கு மேலே வெள்ளையாகத் தெரிவதை ஆவி என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகத் தெரிவது, ஆவி குளிர்ந்து மறுபடி திரவமாகிவிட்ட நுண்துளிகள். கெட்டில் மூக்கின் வாயை ஒட்டி ஒரு விரல் இடைவெளி தெளிவாக இருக்கும், அதற்கப்புறம்தான் வெள்ளை தொடங்கும். அந்த இடைவெளியைத் தூரத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பார்த்த பிள்ளை வாயுக் கட்டத்தில் புகை வரையாது.

போகிற போக்கில் இன்னும் இரண்டு. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில் என்ற விடைக்கு முழு மதிப்பெண் கொடுக்கும்போது, கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் என்று சேர்த்துச் சொல்லிவையுங்கள். உதகையில் அது 93-ஐ ஒட்டியே கொதித்துவிடும், பிரஷர் குக்கருக்குள் 120 வரை போகும். கற்பூரமும் அயோடினும் திரவமே ஆகாது என்று எழுதவைப்பதையும் விட்டுவிடலாம். அயோடின் 114 டிகிரியை ஒட்டியும் கற்பூரம் 175-ஐத் தாண்டியும் உருகவே செய்கின்றன. அந்தச் சூட்டுக்கு வரும் முன்பே அவை ஆவியாகிக் குறைந்துகொண்டிருப்பதால் நாம் திரவத்தைப் பார்ப்பதில்லை, அவ்வளவே.

ஆனால் ஆவியாதலில் நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது கொதிநிலையை அல்ல. கொதிக்காமலே ஆவியாவதைத்தான். கொடியில் போட்ட துணி 30 டிகிரியில் காய்கிறது. அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? அந்தத் தண்ணீரே தன்னிடமிருந்து கொடுக்கிறது, அதனால் குளிர்ந்துபோகிறது. உங்கள் வகுப்பில் அதிக மதிப்பெண் எடுக்கும் நாலைந்து பேர் வேறு பள்ளிக்கு மாறிப்போனால் வகுப்பின் சராசரி இறங்கிவிடும் அல்லவா? அதேபோல் தண்ணீரில் மிக வேகமாக இயங்கும் மூலக்கூறுகள்தான் முதலில் மேற்பரப்பைவிட்டுக் கிளம்புகின்றன. மிச்சமிருப்பவற்றின் சராசரி இயக்க ஆற்றல் குறைகிறது. வெப்பநிலை என்பது அந்தச் சராசரியின் அளவுதான்.

கல்யாண மண்டபச் சமையல்கட்டில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பெரிய அடுப்புகள் ஒரே நேரத்தில் எரியும்போது, 19 கிலோ சிலிண்டரின் கீழ்ப்பாதி சில்லென்று ஆகி, வெளிப்புறத்தில் வெண்பனி படிந்துவிடும். உள்ளே திரவமாக இருக்கும் எரிவாயு, அடுப்புக்குப் போக ஆவியாகிறது. ஆவியாவதற்கான வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் சிலிண்டரின் இரும்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. பனி எந்த உயரம்வரை படிந்திருக்கிறதோ, ஏறத்தாழ அந்த உயரம்வரை உள்ளே திரவம் இருக்கிறது. சித்திரை வெயிலில், நெருப்புக்குப் பத்தடி தூரத்தில், இரும்பின்மேல் பனி. மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே.

தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உப்பளத்தைக் காட்டுங்கள். கடல்நீரிலிருந்து ஒரு கிலோ உப்பு எடுக்க 35 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வேண்டும். சூரியன் அதற்குச் செலவிடும் வெப்பத்தை நாம் அடுப்பில் கொடுப்பதாக இருந்தால், கொஞ்சமும் வீணாகாமல் எரித்தால்கூட, இரண்டு கிலோவை ஒட்டிச் சமையல் எரிவாயு தேவைப்படும். ஒரு கிலோ உப்புக்குப் பின்னால் அவ்வளவு வெயில் இருக்கிறது. அந்த வெயிலில்தான் அங்கே ஆட்கள் வேலை பார்க்கிறார்கள்.

என் பிடிவாதத்தின் காரணம் இங்கேதான் வருகிறது. வெயிலில் வேலை பார்க்கும் மனிதரை உயிரோடு வைத்திருப்பது இந்த அம்புக்குறி. கடினமாக உழைக்கும் உடலில் நொடிக்கு 400 ஜூலை ஒட்டி வெப்பம் உண்டாகிறது. வெளியே காற்று தோலைவிடச் சூடாக இருக்கும்போது அந்த வெப்பம் வெளியேற ஒரே வழி, வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மேல் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெளியே போகும். நூறு நிமிட உழைப்பின் வெப்பம் அதில் தீர்ந்துவிடும். ஆனால் வியர்வை ஆவியாக வேண்டும். வழிந்து சொட்டித் தரையில் விழும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை, தண்ணீரும் உப்பும்தான் நட்டம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் அப்படியே வழிகிறது.

வேலூரில் 40 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் அங்கே 23-ஐ ஒட்டி இறங்கிவிடும். கடற்கரை ஊர் ஒன்றில் 35 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் அதே தெர்மாமீட்டர் 31-இல் நின்றுவிடும். செய்தியில் வேலூர்தான் தலைப்பு. உடலுக்கு ஆபத்து கூடுதலாக இருப்பது இரண்டாவது ஊரில். ஈரத்துணி தெர்மாமீட்டர் காட்டும் இந்த ஈரக்குமிழ் வெப்பநிலை 35-ஐத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதரின் உடலாலும் வெப்பத்தை வெளியேற்ற முடியாது என்று 2010-இல் ஸ்டீவன் ஷெர்வுட், மாத்யூ ஹூபர் என்ற இரு அறிஞர்கள் கணக்கிட்டார்கள். 2022-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்தே சோதித்தபோது, ஈரமான சூட்டில் அந்த எல்லை 31-ஐ ஒட்டியே வந்துவிட்டது. இந்திய வானிலைத் துறை வெப்ப அலை அறிவிக்கச் சமவெளிக்கு 40, கடலோரத்துக்கு 37 என்று வைத்திருக்கும் வரம்புகள் காற்றின் வெப்பநிலையை வைத்துப் போட்டவை. புழுக்கம் அந்த வரம்புக்குள் வராது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்த அறிவிப்பு வீட்டுக்குள் சென்று சேர வேண்டுமென்றால், வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் ஏன் ஆபத்து என்பது வீட்டில் ஒருவருக்காவது விளங்க வேண்டும். அந்த ஒருவர் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய அப்பா சாலை போடுபவராக, அம்மா செங்கல் சூளையில் இருப்பவராக இருக்கலாம். 'இன்னைக்கு வேர்வை காயவே மாட்டேங்குது, கொஞ்சம் உட்காருங்க' என்று வீட்டில் சொல்ல அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு மூன்று கட்டமும் உருண்டைகளும் உதவாது.

ஆகவே என் கோரிக்கை இரண்டே. முதலாவது, அந்த ஐஸ் டம்ளர். ஜூனில் இந்தப் பாடத்துக்கு வரும்போது ஒரு பீரியட் முழுவதையும் அதற்குக் கொடுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது, கொதிநீரில் வைத்தால் உடைந்தும் போகும். பாதரசம் இல்லாத, சிவப்புத் திரவம் நிரப்பிய ஆய்வக தெர்மாமீட்டர் போதும். ஐஸைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் ஒரு சூடும் மேலே ஒரு சூடும் காட்டிக் குழப்பும்.

இரண்டாவது, வகுப்பு வராந்தாவில், வெயில் நேராகப் படாத இடத்தில் இரண்டு தெர்மாமீட்டர்களைத் தொங்கவிடுங்கள். ஒன்றின் குமிழில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, துணியின் மறுமுனை ஒரு சின்னப் புட்டித் தண்ணீரில் தொங்கட்டும். அளவெடுக்கும் முன் நோட்டுப் புத்தகத்தால் இரண்டு மூன்று நிமிடம் விசிறச் சொல்லுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொள்ள வாரம் ஒரு பிள்ளை. காலை முதல் மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் இரண்டு எண்களையும் ஒரு நோட்டில் எழுதட்டும். வறண்ட நாளில் இரண்டுக்கும் நடுவே பத்து டிகிரிக்கு மேல்கூட வித்தியாசம் வரும், புழுங்கும் நாளில் அது இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். ஈரத் துணி சுற்றிய தெர்மாமீட்டர் 28-ஐ நெருங்கும் நாளில் அந்த நோட்டை உடற்கல்வி ஆசிரியரிடம் பிள்ளைகளே கொண்டுபோய்க் காட்டட்டும். அன்றைக்கு மைதானத்தில் ஓட்டப் பயிற்சி வேண்டாம் என்று அவரும் தலைமை ஆசிரியரும் முடிவெடுக்க அந்த எண் போதும்.

அன்புடன்,
உங்கள் வகுப்புகளில் கடைசி பெஞ்சில் உட்கார இன்னும் ஆசைப்படும் ஒரு கட்டுரையாளன்